சிவப்பு நூல் கட்டின வயர்

தம்பி: அக்கா, பெட்டிய அப்படியே புடிச்சுக்கோ. விட்டுடாதே.

அக்கா: எவ்வளவு நேரம்டா? கை கழண்டு விழுந்துடும் போல இருக்கு.

தம்பி: நாலே நாலு ஸ்க்ரூதான்.

அக்கா: நாலு நாலுன்னு சொல்லி ஏழாவது போயிட்டிருக்கு. கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கு காட்டறியா?

தம்பி: மூணு வழுக்கிடுச்சு. அதெல்லாம் கணக்குல வராது.

அக்கா: இது என்ன பலகை? இந்த மஞ்சள் பெயின்ட்ட எங்கயோ பார்த்திருக்கேனே...

தம்பி: பார்க்காதே.

அக்கா: டேய்! இது உன் கிச்சன் அலமாரிக் கதவு!

தம்பி: மெதுவா பேசு. அம்மா உள்ள இருக்கா.

அக்கா: நாள் பூரா அந்த அலமாரிக்கு எதிர்லதானே உக்காந்திருக்கா? கதவு இல்லேன்னு தெரியாதா அவளுக்கு? சரி, உன் பொண்டாட்டி என்ன சொன்னா?

தம்பி: அவ இன்னும் பார்க்கல. பொண்ண நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. வர்றதுக்குள்ள பாட்டு வந்துடுச்சுன்னா கதவப் பத்தி யார் கேக்கப் போறா?

அக்கா: பாட்டு வரலேன்னா?

தம்பி: உன் வீட்டுல வந்து தங்கிக்கறேன்.

அக்கா: என் வீட்டு அலமாரிக்கும் கதவு இருக்கு. உன்ன உள்ளயே விட மாட்டேன்.

தம்பி: சிரிக்காதே, பெட்டி ஆடுது... ம். ஆச்சு. இப்ப விடலாம்.

அக்கா: அப்பாடா. ஏன்டா, கடையில ரெடியா விக்குதே. ஒண்ணு வாங்கி வெச்சா வேலை முடிஞ்சது.

தம்பி: விசாரிக்காமலா இருப்பேன்? நல்லதா வாங்கணும்னா ரெண்டு மாசச் சம்பளம் போயிடும். கூரியர் ஆபீஸ்ல கவுன்டர்ல உக்காந்திருக்கறவனுக்கு என்ன, லாட்டரியா அடிச்சிருக்கு? ஆறாயிரத்துக்குள்ள முடிக்கணும்னு உக்காந்தேன்.

அக்கா: முடிஞ்சுதா?

தம்பி: ஸ்பீக்கர் ரெண்டும் ஒரு பழைய கார்ல இருந்து கழட்டினது. சத்தத்தக் கூட்டற ஆம்ப் போர்டு என் உள்ளங்கை அளவுதான். அதோ, அந்த பிஸ்கட் டப்பாக்குள்ள இருக்கு.

அக்கா: அதுவா? நான் பிஸ்கட்டுன்னு நினைச்சு ரெண்டு தடவை திறந்து பார்த்துட்டேன்டா.

தம்பி: கரன்ட்டுக்கு என் பழைய லேப்டாப் சார்ஜர். உள்ள பஞ்சுக்கு...

அக்கா: தலையணை.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: அப்பாவும் அவர் செஞ்ச பாட்டுப் பெட்டிக்கு அப்படித்தானே பண்ணினார். உன் தலையணைய வெட்டித்தான் பஞ்சு எடுத்தார். நீ தேடித் தேடி அழுதே. "அது பெட்டிக்குள்ள தூங்குதுடா"ன்னு சொன்னார். அதுக்கப்புறம் ஒரு வாரம் பெட்டி மேல தலைய வெச்சுத் தூங்கினே.

தம்பி: போ, சும்மா கதை விடாதே.

அக்கா: சத்தியமாடா. ஒரு பக்கக் காது பூரா பெட்டியில ஒட்டின துணியோட அச்சு பதிஞ்சிருக்கும். அந்தத் துணி கூட ஜன்னல் திரைதான். பழுப்பு கலர்ல கட்டம் போட்டது.

தம்பி: திரை ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப என்ன, அஞ்சு வயசா?

அக்கா: ஆறு. எனக்குப் பதினொண்ணு. முதல்ல ஒரு பெட்டிதான் செஞ்சார், தெரியுமா? ரெண்டாவதுக்கு ஸ்பீக்கர் வாங்க அஞ்சு மாசம் ஆச்சு. அது வரைக்கும் ஒத்தப் பெட்டியிலதான் பாட்டு. வர்றவங்ககிட்ட எல்லாம், "இன்னொருத்தன் வந்துட்டிருக்கான்"னு சொல்வார்.

தம்பி: அது ஞாபகம் இல்ல. அவர் டெப்போல இருந்து வர்றதுதான் ஞாபகம். கையில ஆயில் வாசனை. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு, டவல்ல ஒவ்வொரு விரலா துடைச்சுட்டுத்தான் கேசட்டைத் தொடுவார்.

அக்கா: நாள் பூரா பஸ்ஸுக்கு ஹாரன், ஹெட்லைட்டுன்னு வயர் புடிச்ச கை. கேசட்டை மட்டும் குழந்தையத் தூக்கற மாதிரி தூக்குவார்.

தம்பி: அந்தச் சத்தம் இல்லாம எனக்கே என்னமோ மாதிரி இருக்குக்கா. அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அக்கா: ம்... அப்பா அம்மா இருந்த வாடகை வீட்டு ஓனர் என்னிக்குப் பேசறதா சொன்னார்?

தம்பி: இன்னிக்குத்தான். ஆறு மணிக்கு போன் பண்ணுவார். காலி பண்றீங்களா, இருக்கீங்களா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கன்னுட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அப்பா போனதுலேர்ந்து நாலு மாசமா பூட்டியே கிடக்கு.

அக்கா: அம்மா என்ன சொல்றா?

தம்பி: அதேதான். "நான் அங்கயே போயிடறேன்பா."

அக்கா: மூணாவது மாடி! லிஃப்ட் கிடையாது! ரெண்டு முட்டியும் போயாச்சு. போன தடவை பாதிப் படியில உக்காந்துட்டாளாமே. பேப்பர் போட வந்தவர்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாராம்.

தம்பி: எல்லாம் சொல்லிட்டேன். "சரிப்பா, சரிப்பா"ங்கறா. அடுத்த நாள் காலையில பையில புடவைய மடிச்சு வைக்கறா.

அக்கா: இங்க ஏதாவது மனஸ்தாபமா? உன் பொண்டாட்டி எதாவது...

தம்பி: ஐயோ, அவங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நான்தான் எதிர்க்கட்சி. ஆனா நாலு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அம்மா இந்த ஹால்ல உக்காந்தது இல்லக்கா. கிச்சன்ல ஒரு ஸ்டூல். அது மேல உக்காந்து வெங்காயம் உரிப்பா. உரிக்க வெங்காயம் இல்லேன்னா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவா. விருந்தாளி கூட கொஞ்சம் உரிமையா இருப்பாங்க.

அக்கா: கேட்டியா?

தம்பி: கேட்டேன். "ஒரு குறையும் இல்லப்பா. இந்த வீட்டுல சத்தமே இல்ல, அவ்வளவுதான்"னா.

அக்கா: சத்தம் இல்லையா? உன் பொண்ணு ஒருத்தி போதாதா?

தம்பி: நானும் அதத்தான் சொன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டா. ரெண்டு நாள் கழிச்சு ஆபீஸ்ல ஒரு பார்சலுக்கு சீல் வெச்சுக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவ சொன்னது அப்பாவோட பெட்டிய.

அக்கா: அதான் இவ்வளவு அவசரமா?

தம்பி: ஆறு மணிக்குள்ள அம்மாவுக்கு இது நம்ம வீடுன்னு தோணணும். அவ்வளவுதான். தோணலேன்னா அவ போயிடுவா. போனா ஒரு நாள் அந்தப் படியில... வேண்டாம், நான் சொல்ல மாட்டேன்.

அக்கா: சொல்லாதே. வேலையப் பாரு. அந்தப் பழைய பெட்டியையே சரி பண்ணியிருக்கலாம்ல?

தம்பி: போன மழையில கூரை ஒழுகி, அத்தனை தண்ணியும் அது மேலதான். பலகை ஊறி ஊறி டீயில நனைச்ச பொறை மாதிரி ஆயிடுச்சு. ஆம்புக்குள்ள எறும்பு குடித்தனம் பண்ணுது. தப்பிச்சது கேசட் டப்பாவும் அந்த வயர்ச் சுருளும்தான்.

அக்கா: வயரா... எந்த வயர்?

தம்பி: அப்பா பெட்டிக்குப் போட்டிருந்த வயர்தான். அதோ டப்பாக்குள்ள இருக்கு பாரு.

அக்கா: அத ஏன்டா எடுத்துட்டு வந்தே? பழசு. தூக்கிப் போடு.

தம்பி: இருக்கட்டுமே, என்ன இப்ப? சரி, தள்ளு. போன்ல பாட்டெல்லாம் ஏத்தி வெச்சிருக்கேன். கேசட் அட்டையில அப்பா எழுதின வரிசை மாறாம. முதல் பாட்டு அந்த மழைப் பாட்டு.

அக்கா: போடு, போடு.

தம்பி: இரு, சிவப்புக்குச் சிவப்பு... கறுப்புக்குக் கறுப்பு... பிளக்கப் போடு.

அக்கா: புகை வராதே?

தம்பி: வந்தா ஓடு.

அக்கா: டேய்...

தம்பி: வருது! அக்கா, வருது! கேக்குதா? அந்த பாஸ், அந்தக் கனத்த சத்தம் கேக்குதா? கார் ஸ்பீக்கர்க்கா இது! கிச்சன் கதவுக்கா!

அக்கா: குதிக்காதே, கீழ் வீட்டுல இருந்து வந்துடப் போறாங்க. ம்... நல்லாத்தான்டா இருக்கு. சுத்தமா இருக்கு.

தம்பி: அம்மா! எப்படிம்மா இருக்கு?

அம்மா: நல்லா இருக்குப்பா!

தம்பி: வரலையே.

அக்கா: குழாய் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பாத்திரம் கழுவறா.

தம்பி: அந்த "நல்லா இருக்குப்பா" எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி கல்யாணமான புதுசுல முதல் தடவை சமைச்சாளே, அன்னிக்குச் சொன்ன அதே "நல்லா இருக்குப்பா".

அக்கா: உப்புக்குப் பதிலா சோடா மாவு போட்டாளே, அன்னிக்கா?

தம்பி: அதேதான். என்னக்கா குறை இதுல? சொல்லு. உனக்கு என்ன தோணுது?

அக்கா: எப்படிச் சொல்றது... பாடறவங்க இங்க, நடுவுல வந்து நிக்கறாங்க. இந்தச் செவுத்துக்கு முன்னாடி. கைய நீட்டித் தொடலாம் போல.

தம்பி: அதான்க்கா சரி! ரெண்டு பெட்டி வெச்சா குரல் நடுவுலதான் நிக்கணும். நான் பார்த்த அத்தனை வீடியோலயும் அப்படித்தான் சொல்றாங்க.

அக்கா: வீடியோ சொல்லட்டும். நம்ம வீட்டுல அப்படி இல்லையே. பாடறவங்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டாங்க. வீடு முழுக்க இருப்பாங்க. நீ கட்டில் கிட்டப் படுத்திருந்தா தலைமாட்டுல கேக்கும். அம்மா சமைச்சா அவ முதுகுக்குப் பின்னால கேக்கும். எந்தப் பெட்டியில இருந்து வருதுன்னே தெரியாது.

தம்பி: ஆமா... செவுரே பாடற மாதிரி இருக்கும்.

அக்கா: பாஸ் இப்படி நெஞ்சுல இடிக்காது. லேசா, காத்துல ஊறின மாதிரி...

தம்பி: அது அந்த வீட்டு அமைப்பா இருக்கும். அங்க பெட்டிங்க தள்ளித் தள்ளி இருந்துது. ஒண்ணு ஜன்னல் கிட்ட, இன்னொண்ணு கிச்சன் வாசல் கிட்ட. இங்கயும் அப்படியே வெச்சுப் பார்ப்போமா? அந்த முனையப் புடி.

அக்கா: கனக்குதுடா.

தம்பி: அலமாரி ரொம்பக் கெட்டி. தரமான சாமான்.

அக்கா: பேசாம தூக்கு... இங்கயா? சரி. இப்ப போடு.

தம்பி: போட முடியாது. வயர் எட்டல.

அக்கா: வாங்கிட்டு வா.

தம்பி: ஞாயித்துக்கிழமை. அந்தக் கடை மூடியிருக்கும். மணி நாலரை ஆயிடுச்சு... அப்பா வயர் இருக்கே! நல்ல நீளம்.

அக்கா: அது வேண்டாம்டா.

தம்பி: ஏன்?

அக்கா: பழசுடா... உள்ள கம்பி கறுத்துப் போயிருக்கும்.

தம்பி: முனைய லேசா சுரண்டினா சரியாயிடும். இங்க பாருக்கா... ஐயோ, இத மறந்தே போயிட்டேன். ரெண்டு கம்பியும் வெள்ளைதான். எது எதுன்னு அடையாளம் தெரியறதுக்குச் சிவப்பு நூல் கட்டி வெச்சிருக்கார். ரெண்டு முனையிலயும். இத்தனை வருஷமா முடிச்சு அவிழவே இல்ல. அப்பா அப்பாதான். நூல் கட்டின கம்பி சிவப்பு ஓட்டையில. இந்தா, நீ அந்தப் பக்கம் சொருகு. நூல் கட்டினது சிவப்புல.

அக்கா: தெரியும்.

தம்பி: ஆச்சா?

அக்கா: ஆச்சு.

தம்பி: போடறேன்... அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அக்கா, இதுதான். இதேதான்! எங்க இருந்து வருதுன்னே தெரியல... எனக்குப் புல்லரிக்குது, கையப் பாரு.

அக்கா: ஷ்ஷ்... குழாய் நின்னுடுச்சு.

தம்பி: ஆமா. நின்னுடுச்சு... வர்றாளா?

அக்கா: இல்ல. நிக்கறா. கிச்சன்லயே நிக்கறா.

தம்பி: ஆனா எப்படிக்கா? ஒரு வயர மாத்தினா இவ்வளவு மாறுமா? வயர்னா வயர்தானே? இரு, பாட்ட நிறுத்தறேன்.

அக்கா: ஏன்டா நிறுத்தறே? நல்லாத்தானே போயிட்டிருந்துது!

தம்பி: ஒரு சந்தேகம். ரிமோட்ல இருந்து அந்த பேட்டரிய எடு. அப்பா சொல்லிக் குடுத்தது. வயரோட இந்த முனையில பேட்டரிய வெச்சா ஸ்பீக்கர் அட்டை வெளில தள்ளும். கம்பி தலைகீழா இருந்தா உள்ள போகும். துணி இன்னும் ஒட்டல, கண்ணால பார்க்கலாம். நீ கிச்சன் பக்கத்துப் பெட்டியப் பாரு.

அக்கா: எதுக்குடா இதெல்லாம்...

தம்பி: பாரேன்! வெச்சுட்டேன். வெளில வருதா?

அக்கா: வருது.

தம்பி: இப்ப ஜன்னல் பெட்டி. நூல் கட்டினதுல ப்ளஸ்... என்ன ஆச்சு?

அக்கா: ...உள்ள போச்சு.

தம்பி: உள்ள போச்சா? சரியாப் பார்த்தியா?

அக்கா: பார்த்தேன்டா.

தம்பி: அப்ப... இந்த முனையில ஒரு கம்பிக்கு நூல், அந்த முனையில இன்னொரு கம்பிக்கு நூல். ஜன்னல் பெட்டிக்கு மட்டும் தலைகீழ். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. அதான் பாஸ் இல்ல. அதான் குரல் அலையுது... நாம இத்தனை வருஷம் கேட்டது தப்பான கனெக்‌ஷன்க்கா!

அக்கா: சரி விடு, அதுக்கென்ன இப்ப...

தம்பி: விடறதா? அப்பாக்கா! டெப்போல முந்நூறு பஸ்ஸுக்கு வயர் இழுத்தவர். ஒரு ஹாரன் சுருதி மாறினா வீட்டுல இருந்தே நம்பர் சொல்வார். அவர் ஒரு நூல மாத்திக் கட்டுவாரா? என்னால நம்பவே முடியல. என்னமோ பண்ணுது எனக்கு. அவர் வேலையில தப்பே வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்...

அக்கா: அவர் கட்டல.

தம்பி: என்ன?

அக்கா: நான் கட்டினேன்.

தம்பி: நீயா?

அக்கா: மெதுவா பேசுடா... அம்மா காதுல விழும். ஆறாம் வகுப்புல, ரெண்டாவது பெட்டி வந்து ரெண்டு மாசம் இருக்கும். ரேங்க் கார்டு குடுத்தாங்க. கணக்குல பத்தொன்பது.

தம்பி: எத்தனைக்கு?

அக்கா: நூத்துக்குத்தான்.

தம்பி: கணக்கு டீச்சர்! கணக்குல பத்தொன்பதா! கடவுளே, இத உன் ஸ்கூல்ல நோட்டீஸ் போர்டுல...

அக்கா: சொன்னே, கொன்னுடுவேன். கேளு. எங்க ஒளிக்கறதுன்னு தெரியல. ஜன்னல் பெட்டியில முன்னால வட்டமா ஒரு ஓட்டை இருக்கும்ல? அதுக்குள்ள போட்டுட்டேன்.

தம்பி: அட!

அக்கா: அன்னிக்கு சாயங்காலம் அப்பா பாட்டு போட்டார். கார்டு உள்ள கிடந்து கர்ருங்குது. ஒவ்வொரு தபேலா அடிக்கும் கர்ர், கர்ர். எனக்கு உயிரே போயிடுச்சு. அவர் காத வெச்சுக் கேட்டார். மறுநாள் சாயங்காலம், "ஞாயித்துக்கிழமை இதத் திறந்து பாக்கணும்"னு சத்தமா சொன்னார்.

தம்பி: அப்புறம்?

அக்கா: சனிக்கிழமை நீ தூங்கிட்டிருந்தே, அம்மா கடைக்குப் போயிருந்தா. பெட்டியக் கவிழ்த்துப் போட்டு உலுக்கினேன். கார்டு வந்துது. கூடவே வயரும் கழண்டு வந்துடுச்சு. நூல் தனியா, கம்பி தனியா. எதுல நூல் இருந்துதுன்னு தெரியல. ரெண்டும் வெள்ளை. ஏதோ ஒண்ணுல கட்டி, சிவப்புல சொருகி, ஓடியே போயிட்டேன்.

தம்பி: கார்டு?

அக்கா: சாயங்காலம் நானே போய் நீட்டினேன். இன்னும் ஒளிக்கத் தெம்பு இல்ல. திட்டுவார்னு நின்னேன். கையெழுத்துப் போட்டார். "நாளையிலேர்ந்து சாயங்காலம் புத்தகத்த எடுத்துட்டு இங்க வந்து உக்காரு"ன்னார். அவ்வளவுதான். பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், நான் கணக்கு போடுவேன், அவர் பாப்பார். பத்தாவது வரைக்கும்.

தம்பி: அதான் டீச்சர் ஆனியா?

அக்கா: பின்ன? அவர் இருக்கற வரைக்கும் சொல்லிடணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன்டா. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் அந்த நூலப் பார்ப்பேன். வாய் வரைக்கும் வரும். ஆஸ்பத்திரியில கூட... சொல்லல. அவ்வளவு ஆசையா செஞ்ச பெட்டிய நான் கெடுத்துட்டேன். அவருக்குத் தெரியாமயே போயிட்டார்.

தம்பி: அழாதே... ஏய், அழாதேக்கா. இப்ப என்ன, நேரா மாத்திடறேன். அவர் கட்டின மாதிரியே. ஒரு நிமிஷ வேலை.

அக்கா: மாத்தினா அம்மா...

அம்மா: ஏன்டா நிறுத்திட்டே?

தம்பி: அம்மா! இல்லம்மா... ஒரு சின்ன வேலை...

அம்மா: போடு.

தம்பி: வயர் கொஞ்சம் தப்பா...

அம்மா: போடுடா. கை ஈரமா இருக்கு, இல்லேன்னா நானே போட்டிருப்பேன்.

தம்பி: இதோ, இதோ.

அக்கா: உக்காரும்மா. இப்படி வா.

அம்மா: இந்த சோபால உக்காந்தா எந்திரிக்க முடியாது. பொதக்குன்னு உள்ள இழுக்குது.

அக்கா: நான் தூக்கி விடறேன். உக்காரு.

அம்மா: ...கொஞ்சம் நகரு.

தம்பி: சத்தம் கூட்டவா?

அம்மா: வேண்டாம், இது போதும். அவர் இவ்வளவுதான் வைப்பார். பக்கத்து வீட்டுப் பாப்பா தூங்கும்பார். அந்தப் பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனப்புறமும் இவ்வளவுதான். சரி, வீட்டுக்காரர் ஆறு மணிக்குத்தானே பேசுவார்?

தம்பி: ஆமாம்மா. நான் வேணா இன்னும் ஒரு வாரம் டைம் கேக்கறேன். நீ ஒண்ணும்...

அம்மா: போன என்கிட்ட குடு. காலி பண்ணிக்கறோம்னு நானே சொல்லிடறேன். முப்பத்தஞ்சு வருஷம் அவர் வீட்டுல இருந்திருக்கோம், நான் சொல்றதுதான் மரியாதை.

தம்பி: அம்மா... நிஜமாவா?

அம்மா: பின்ன, அலமாரிக் கதவப் பிச்சு வெச்சிருக்கே. உன் பொண்டாட்டி வந்து கேட்டா உனக்குப் பரிஞ்சு பேச ஒரு ஆள் வேண்டாமா?

தம்பி: அக்கா, பார்த்தியா! பார்த்தியா!

அம்மா: அவ ஏன் மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்கா?

அக்கா: அம்மா... ஒண்ணு சொல்லணும். இந்தச் சத்தம் இருக்கே, இது அப்பா வெச்சது இல்ல. நான் சின்ன வயசுல...

அம்மா: பத்தொன்பது மார்க்கு.

அக்கா: கிச்சன்ல கேட்டுச்சா?

அம்மா: இப்பக் கேட்டுத்தான் தெரியணுமா எனக்கு? கர்ருன்னு சத்தம் வந்ததுக்கு மறுநாள், நீ ஸ்கூலுக்குப் போனதும் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார். குறடால கார்டை எடுத்துப் படிச்சார். சிரிச்சார். திரும்ப உள்ளயே போட்டார்.

அக்கா: போட்டாரா? ஏன்?

அம்மா: "அவளே எடுத்துட்டு வரட்டும்"னார். அன்னிக்குச் சாயங்காலம் நீ வீட்டுல இருக்கும்போதுதான் ஞாயித்துக்கிழமை திறக்கப் போறேன்னு சத்தமா சொன்னார். உனக்குக் கேக்கணும்னுதான்.

தம்பி: அடேங்கப்பா.

அம்மா: கையெழுத்துப் போட்டுட்டுப் பாட்ட வெச்சாரா... ரெண்டு வரி போகல, எந்திரிச்சு ஜன்னல் பெட்டி கிட்டப் போனார். நூலப் பார்த்தார். திரும்பி வந்து உக்காந்துட்டார்.

அக்கா: தெரிஞ்சுமா? அன்னிக்கேவா? ஒரு நிமிஷம் ஆகாதேம்மா அத மாத்த! சாகற வரைக்கும் அப்படியே கேட்டாரா?

அம்மா: நானும் விடல. "காதுல கல்லு விழுந்த மாதிரி முகத்தச் சுளிக்கறீங்க, அவ தூங்கினப்புறம் மாத்திடுங்களேன்"னேன்.

அக்கா: என்னம்மா சொன்னார்?

அம்மா: "மாத்தினா நாளைக்கே அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு கூசிக்கிட்டு இந்தப் பக்கமே வர மாட்டா. எனக்குப் பாட்டு சரியாக் கேக்கணும்னா இந்தப் பெட்டிய செஞ்சேன்? சாயங்காலம் ஆனா புள்ளைங்க ரெண்டும் என் பக்கத்துல வந்து உக்காரணும்னுதானே செஞ்சேன்"னார்.